யந்திரத்தின் மேல் பழி போடுவதற்கு முன்

குழந்தையின் முதற்பிறந்தநாள் படத்தையோ தங்கை கல்யாணப் படத்தையோ ஸ்டூடியோவுக்குப் போகாமல் வீட்டிலேயே அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம் என்ற ஆசையோடு இன்க்ஜெட் பிரிண்டர் ஒன்றையும், கூடவே ஒரு கட்டு கிளாஸி போட்டோ பேப்பரையும் வாங்கி வருகிறவர்களில் பலர், நேற்றுவரை பள்ளிக்கூடத்துப் பாடங்களைச் சிரமமில்லாமல் அச்சிட்டுத் தந்த அதே யந்திரம் இந்தப் பளபளப்பான தாளை மட்டும் உள்ளே வாங்க மறுப்பதைக் கண்டு, 'பிரிண்டர் போய்விட்டது' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் அநியாயமானது என்பதும், அப்படி ஓர் அநியாயம் நேர்வதற்குப் பிரிண்டரைச் செய்து விற்கிறவர்களே முக்கிய காரணம் என்பதும் என் அபிப்பிராயம்.

தட்டில் அடுக்கிய தாள்களிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து உள்ளே செலுத்துகிற வேலையை ஒரு ரப்பர் உருளையும், அதற்கு எதிரே பதித்த சிறு பட்டை ஒன்றும் செய்கின்றன. உருளைக்கும் மேல்தாளுக்கும் உள்ள பிடிப்பு, மேல்தாளுக்கும் அடுத்த தாளுக்கும் உள்ள ஒட்டுதலைக் காட்டிலும் பலமாக இருந்தால்தான் தாள் நகரும். பட்டை இரண்டாம் தாளைத் தடுத்து நிறுத்தினால்தான் இரண்டும் சேர்ந்து போகாமல் இருக்கும். சதுர மீட்டருக்கு 70 அல்லது 80 கிராம் எடையுள்ள சாதாரண ஏ4 தாளுக்கு இந்த ஏற்பாடு சுலபமாகப் பொருந்திவிடுகிறது. போட்டோ பேப்பரோ 180 கிராமிலிருந்து 270 கிராம் வரைக்கும் கனமுள்ளது, வளைய மறுப்பது, மேற்பரப்பு வழவழப்பானது. சாதாரணத் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் சுண்ணாம்புத் தூள் நாளடைவில் உதிர்ந்து உருளையின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது என்பதையும் இதனுடன் சேர்த்து நினைக்க வேண்டும். சொரசொரப்பான சாதாரணத் தாளை அந்த உருளை எப்படியோ இழுத்துவிடும். வழவழப்பான கனத்த தாளிடம்தான் அதன் பலக்குறைவு முதலில் பிரத்தியட்சமாகும். ஆகவே 'மற்ற பேப்பரை எல்லாம் எடுக்கிறதே' என்ற வாதம் உருளை சுத்தமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

காகிதத்தின் சுபாவத்தையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். உயர்ந்த ரகப் போட்டோ பேப்பரில் நடுவிலுள்ள காகிதத்தின் இரு பக்கமும் பாலிஎத்திலீன் பூசி, அதன்மேல் மையை உறிஞ்சும் நுண்துளைப் படலம் ஒன்றை அமைக்கிறார்கள். விலை குறைந்த ரகத்தில் பூச்சு ஒரு பக்கம் மட்டுமே உண்டு. மறு பக்கம் வெறுங்காகிதம். வெறும் பக்கம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரிய, பூச்சுள்ள பக்கம் அந்த அளவுக்கு விரியாமல் நிற்க, தாள் வெயிலில் காய்ந்த அப்பளத்தைப் போல விளிம்பு தூக்கிக்கொள்கிறது. விளிம்பு தூக்கிய தாள் உருளைக்கு நேராகச் சென்று சேராது; கோணலாக நுழையும், அல்லது பாதி வழியில் அச்சுத் தலையில் போய் உரசும். கடலோர ஊர்களில் உறையைப் பிரித்து மேஜைமேல் போட்டுவைத்த கட்டு ஐப்பசி மழையில் இந்தக் கதிக்கு ஆளாவதற்கு அதிக நாள் ஆவதில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில், இந்தக் காரணத்துக்காகவே புதிய பிரிண்டர் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. பழுதுபார்க்க வந்தவர், "உருளை தேய்ந்துவிட்டது சார், இந்த மாடலுக்குத் தனியாகக் கிடைக்காது, புதுசாகவே வாங்கிவிடுங்கள்" என்று சொல்லிப் போயிருந்தார். பின்தட்டில் நாலுக்கு ஆறு அளவுத் தாள்கள் நெருக்கமாக அடைத்து வைக்கப்பட்டிருந்தன. உருளை கர்ரென்று சுழலும், மேல்தாள் அரை அங்குலம் அசைந்து நிற்கும், பிறகு சிவப்பு விளக்கு மினுக்கும். பிரிண்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்து, உருளையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் துடைத்தபோது, துணியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் தடவை துடைத்ததில் அந்த நிறம் மங்கிற்று. ரப்பர் தன் கருமையைக் காட்டிற்று. நன்றாக உலர்ந்த பிறகு, கட்டிலிருந்து நாலைந்து தாள்களை மட்டும் எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டாதபடி விளிம்பை மெல்லப் பிரித்துவிட்டு, அதே அளவுக்கு நறுக்கிய சாதாரணத் தாள் ஒன்றை அடியில் வைத்து, பக்கத்துச் சட்டங்களைத் தாளைத் தொடும் அளவுக்கு மாத்திரம் நெருக்கினோம். முதல் தாள் தயக்கமில்லாமல் உள்ளே போயிற்று. தேய்ந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட அந்த உருளை தேயவே இல்லை, அழுக்காக இருந்தது.

தின்னர், பெட்ரோல் முதலியவற்றை ரப்பரின் அருகில் கொண்டுபோகவே கூடாது. சிக்கிய தாளைப் பேனாக்கத்தியால் நெம்பாமல், இரு கையாலும் பிடித்து, இயன்றவரை தாள் போகும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். கிழிந்து உள்ளே தங்கும் ஒரு துணுக்கு அடுத்து வரும் தாளையும் மறிக்கும். பின்தட்டுள்ள பிரிண்டர்களில் பொதுவாகப் பளபளப்பான பக்கம் நம்மைப் பார்த்தும், முன்தட்டுள்ளவற்றில் கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். கணினியில் அச்சிடும்போது தாளின் வகையைப் 'போட்டோ பேப்பர்' என்றும், அளவை உண்மையில் வைத்திருக்கும் அளவாகவும் குறிப்பிடுவது வெறும் சம்பிரதாயமல்ல. அதைக் கொண்டுதான் யந்திரம் மையின் அளவையும் தாளை நகர்த்தும் வேகத்தையும், சில மாடல்களில் அச்சுத் தலைக்கும் தாளுக்கும் உள்ள இடைவெளியையும்கூட நிர்ணயித்துக்கொள்கிறது.

இத்தனை ஜாக்கிரதைக்குப் பிறகும் சில பிரிண்டர்கள் மறுக்கும். அடியிலுள்ள முன்தட்டிலிருந்து தாளை எடுத்து, முதுகுப்புறத்தில் முழு வளைவாகத் திருப்பி மேலே கொண்டுவருகிற அமைப்பில், 250 கிராம் தாள் அந்த வளைவுக்கு இணங்காமல் நின்றுவிடுவதில் ஆச்சரியமில்லை. வாங்கிய அன்றே அது அந்த யந்திரத்தின் சக்திக்கு அப்பாற்பட்ட காரியம். இதை வாங்குகிறவருக்கு யார் சொன்னார்கள்? அட்டைப்பெட்டியின் மேல் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை பக்கம், ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கின்றன. எவ்வளவு கனமான தாளை ஏற்கும், தாள் நேராகப் போகுமா வளைந்து போகுமா என்பதைக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தேட வேண்டியிருக்கிறது.

1994-ல் எப்சன் கம்பெனி ஸ்டைலஸ் கலர் என்ற பிரிண்டரை வெளியிட்டபோது அங்குலத்துக்கு 720 புள்ளி என்பது பெரிய அதிசயமாக இருந்தது. இன்று அதே கம்பெனியின் வீட்டுப் பிரிண்டர்களிலேயே 5760 என்று பெட்டியில் அச்சாகிறது. அச்சுத் தலையின் அபிவிருத்திக்கு இவ்வளவு புத்தியும் பணமும் செலவழித்தவர்கள், தாளைப் பிடித்து இழுக்கும் உருளை விஷயத்தில் செய்ய வேண்டியது மிகவும் சொற்பம்: அந்த உருளையும் பட்டையும் திருகு கழற்றத் தெரிந்த எவரும் மாற்றிக்கொள்ளும்படி அமைந்து, உதிரிப் பொருளாகக் கடையில் கிடைக்க வேண்டும். ஆபீஸ்களில் உபயோகமாகும் பெரிய பிரிண்டர்களுக்கு உருளைகளைத் தனியே விற்கத்தான் செய்கிறார்கள். வீட்டுக்காரருக்கு மாத்திரம் அந்தச் சௌகரியம் ஏன் மறுக்கப்படுகிறது?

சர்க்காரும் இதைக் கவனிக்கலாம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராயத் தொடங்கியபோது விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முன்னே நிறுத்திற்று. பிரிண்டர் அங்கே தனியே பெயர் பெறவில்லை. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின் பட்டியலிலோ, பிரிண்டரும் அதன் கார்ட்ரிட்ஜும் பெயரோடு இடம்பெற்றிருக்கின்றன. குப்பையான பிறகு கணக்கில் வருகிற ஒரு பொருள், ஒரு ரப்பர்த் துண்டுக்காகக் குப்பையாகாமல் தடுக்கக்கூடிய கட்டத்திலேயே கணக்கில் வரவேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

அதுவரையில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கடையில் மாதிரிக்காக அச்சிட்டுக் காட்டுகிற பக்கம் அநேகமாகச் சாதாரணத் தாளாகவே இருக்கும். படம் அச்சிடுவதே தம் முக்கிய நோக்கமானால், தாம் உபயோகிக்கப்போகும் ரகத்தில் நாலைந்து போட்டோ பேப்பரைக் கையோடு கொண்டுபோய், பணம் கொடுப்பதற்கு முன் தம் கண்ணெதிரில் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டும்படி கேட்கலாம். அதற்குச் சம்மதிக்காத கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பலாம்.