ரயில் பெட்டிக்கும் ஒரு வில்லங்கச் சான்று

ஓசூர் சாலையில், சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் சிக்கி, பஸ் ஜன்னலின் வழியே தலையை உயர்த்திப் பார்த்த பெங்களூர்வாசிகள், தூணும் பாலமும் தண்டவாளமும் அமைந்துவிட்டபோதிலும் வண்டி மட்டும் வந்து சேராத ஒரு மெட்ரோப் பாதையை நெடுநாள் தரிசித்து வந்தார்கள். ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் அந்த மஞ்சள் தடம், 2025 ஆகஸ்டு 10-ஆம் தேதி ஒருவழியாகத் திறக்கப்பட்டபோதும், மூன்றே ரயில்களுடன், 25 நிமிஷத்திற்கு ஒரு வண்டி என்ற கணக்கில்தான் ஓடத் தொடங்கிற்று. 2019-இல் ஒப்பந்தம் செய்த பெட்டிகள் காலத்தில் வாராமையே அதற்குக் காரணம், பணமுடை அன்று. ஆயினும், பாதை போடுவதோடு ரயில்வே முடிந்துவிடுவதில்லை, பெட்டிகளுக்கும் வழி தேட வேண்டும் என்னும் பாடத்தை அந்தப் பாலம் நமக்கு நன்றாகவே கற்பித்தது.

பெட்டிகளுக்கு வழி தேடுவது என்றால் கடன் தேடுவது என்றே பொருள். லாரி வாங்குகிறவன் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரை ஏற்றிக் கடன் பெறுகிறான். வீடு வாங்குகிறவன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்த பின்பே முன்பணம் கொடுக்கிறான். கோடிக்கணக்கில் விலைபோகும் ரயில் பெட்டிக்கோ, அதன்மேல் யாருக்கு என்ன பாத்தியதை என்று உலகம் முழுவதும் ஒப்புக்கொள்ளும் ஏடு அண்மைக் காலம் வரை இருந்ததில்லை. நிலம் இருந்த இடத்தில் இருக்கும். பெட்டியோ இன்று ஒரு தேசத்திலும் நாளை வேறொரு தேசத்திலும் ஓடக்கூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க ரயில்வே கம்பெனிகள், கடன் தீரும்வரை வண்டியின் உடைமையை ஒரு தர்மகர்த்தாவிடம் ஒப்படைத்து, உடைமையாளர் இன்னார் என்று வண்டியின் பக்கத்திலேயே தகடு அடித்து வைத்ததற்கு இந்தச் சங்கடமே காரணம்.

அந்தத் தகட்டின் இடத்தில் ஒரு சர்வதேச ஏட்டை வைப்பதுதான், இடம்விட்டு இடம் நகரும் தளவாடங்களின் மேலுள்ள பாத்தியதை பற்றிய கேப் டவுன் உடன்படிக்கையின் கிளையாக 2007 பிப்ரவரி 23-ஆம் தேதி லக்சம்பர்க் நகரில் நிறைவேறிய ரயில் ஒப்பந்தத்தின் சாரம். அந்த ஏட்டில் ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் மாறாத இருபது இலக்க எண் ஒன்று உண்டு. அந்த எண்ணின்கீழ், கடன் கொடுத்தவரும் குத்தகைக்கு விட்டவரும் தங்கள் பாத்தியதையைப் பதிவு செய்யலாம். முந்திப் பதிந்தவருக்கே முன்னுரிமை. தண்டவாளத்தில் ஓடுவன எல்லாமே அதில் அடங்கும் என்பதால், நம்ம மெட்ரோவின் பெட்டியும் அதற்குப் புறம்பானதன்று. பதினேழு ஆண்டு காத்திருந்த பின், 2024 மார்ச் 8-ஆம் தேதி இவ்வொப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தியா இன்னும் அதில் சேரவில்லை.

சேர வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பவர்களின் வாதம் அற்பமானதன்று. 1986-இல் தோன்றிய இந்திய ரயில்வே நிதிக் கழகம், சந்தையில் கடன் திரட்டிப் பெட்டிகளை வாங்கி, முப்பது ஆண்டுக் குத்தகையில் ரயில்வே அமைச்சகத்திற்கு விட்டுவருகிறது. மத்திய சர்க்காரின் பக்கபலம் பின்னால் நிற்கும்போது, கடன் கொடுப்பவன் பெட்டியை எதற்காக எட்டிப் பார்க்கப் போகிறான்? உண்மைதான், ஆனால் அந்தப் பக்கபலம் எல்லா நகரத்துக்கும் எக்காலத்தும் கிட்டுவதன்று. பெங்களூரின் புறநகர் ரயிலுக்கு, தனியார் தம் மூலதனத்தில் பெட்டிகளைக் கொண்டுவந்து நெடுங்காலம் பராமரிக்கும் முறையை முதலில் முயன்று பார்த்து, அது கைகூடாமல், சொந்தமாக வாங்கும் வழிக்கே திரும்பினார்கள். அதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எனினும், கொடுத்த பொருளை எந்தச் சட்டத்தால் மீட்பது என்ற ஐயம் உள்ளவரை, முதலீடு செய்பவன் அந்த ஐயத்துக்கும் சேர்த்தே வட்டி கேட்பான்; அந்த வட்டியோ இறுதியில் டிக்கெட்டின் மேல்தான் வந்து உட்காரும். 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக ஏறியபோது முணுமுணுத்த நகரத்துக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தவணை தவறினால் காலை ஒன்பது மணி வண்டியை ஜப்தி செய்துகொண்டு போய்விடுவார்களோ என்னும் பயமும் நியாயமானதே. ஒப்பந்தத்தை வகுத்தவர்கள் இதை மறக்கவில்லை. பொதுஜன சேவையில் வழக்கமாக ஓடும் வண்டிகளைக் கடன் கொடுத்தவர் கைப்பற்றுவதற்குத் தடையாக உள்ள தன் சட்டத்தைத் தொடர்ந்து காத்துக்கொள்ள, 25-ஆம் உறுப்பு ஒவ்வொரு தேசத்துக்கும் இடம் தருகிறது. அதே சமயம், அச்சட்டத்தின்படி வண்டியைத் தம் வசம் எடுத்துக்கொள்கிறவர் அதைப் பராமரிக்க வேண்டும், கடன் கொடுத்தவருக்கு உரிய வாடகையும் செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. பிரயாணியும் நடுவழியில் நிற்கலாகாது, பணம் போட்டவனும் ஏமாறலாகாது என்பதே அதன் தர்மம்.

ஆயினும் கையெழுத்திடுவது மட்டும் போதாது என்பதற்கு நம் ஆகாய விமானங்களே சாட்சி. அதே கேப் டவுன் உடன்படிக்கையிலும் அதன் விமான ஒப்பந்தத்திலும் 2008-லேயே சேர்ந்த இந்தியா, அதை உள்நாட்டுச் சட்டமாக்காமல் இருந்துவிட்டது. 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் திவால் மனுச் செய்தபோது, சர்வதேச வாக்குறுதி ஒரு பக்கமும் திவால் சட்டத்தின் தடைக்கால விதி மறு பக்கமும் இழுக்க, குத்தகைக்கு விட்ட விமானங்களை மீட்க முடியாமல் உடைமையாளர்கள் நீதிமன்ற வாசலில் ஏறக்குறைய ஓராண்டு நின்றார்கள். 54 விமானங்களின் பதிவை நீக்கும்படி டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2024 ஏப்ரலில். அந்த உடன்படிக்கைக்கென நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது 2025-இல். சொன்ன சொல்லுக்கும் செய்த சட்டத்துக்கும் இடையே பதினேழு ஆண்டு.

ஆதலின் என் கருத்து இதுவே: இந்தியா ரயில் ஒப்பந்தத்தில் சேர வேண்டும், பொது சேவைக்கான பாதுகாப்பைச் சேரும்போதே பிரகடனம் செய்ய வேண்டும், திவால் சட்டத்தோடு அதை இசைவிக்கும் உள்நாட்டுச் சட்டத்தைக் கையெழுத்தோடு கூடவே கொண்டுவர வேண்டும். குத்தகை முறை தன்னளவில் ஒரு வரப்பிரசாதம் என்று நான் சொல்லவில்லை. பெட்டிகளைக் குத்தகைக் கம்பெனிகளிடம் ஒப்படைத்த பிரிட்டனில், அவை அடையும் லாபத்தைப் பற்றிய குறை இன்றும் ஓயவில்லை. வாங்குவதா, குத்தகைக்கு எடுப்பதா என்பதை அந்தந்த நகரம் தன் கணக்கைப் பார்த்து முடிவு செய்யட்டும். எலஹங்காவில் சக்கரம் வார்த்து, பி.இ.எம்.எல். தொழிற்சாலையில் பெட்டியும் கட்டும் ஒரு நகரத்துக்கு, அந்தத் தேர்வைச் செய்யும் வசதியாவது சட்டத்தில் இருக்க வேண்டாமா?