ஓட்டு இல்லைன்னா ஊர்க்காரர் இல்லையா?

தோழர்களே, திருப்பூர் தொழிலாளர்கள் பற்றி நாம போட்ட பதிவுக்குக் கீழ "வடக்கனை விரட்டு"ன்னு ஏகப்பட்ட கமெண்ட். எழுதினதுல பாதிப் பேர் நம்ம ஆளுங்க. அதனாலதான் இதை எழுத வேண்டியிருக்கு.

1960களின் கடைசியில் பம்பாயில் சிவசேனா இதே கோஷத்தைத் தென்னிந்தியர்களைப் பார்த்துப் போட்டது. தாராவியில் தோல் பதனிட்டும் இட்லி சுட்டு விற்றும் பிழைத்த நம்ம திருநெல்வேலிக்காரங்க அன்னிக்கு எங்க போயிருப்பாங்க?

"வாடகை ஏறுது, கூலி குறையுது"ங்கிறீங்க. நியாயமான கோபம்தான். ஆனா ஒரே ரூம்ல பத்துப் பேரை அடைச்சு, தலைக்கு இவ்வளவுன்னு வாடகை வாங்குறது யாரு? குறைஞ்ச கூலிக்கு கான்ட்ராக்ட்ல ஆள் எடுக்கிறது யாரு? பயணப்படி, தங்குமிடம் எல்லாம் கான்ட்ராக்டர் தரணும்னு 1979லயே சட்டம் வந்துடுச்சு. எத்தனை பேருக்குக் கிடைச்சது?

பனியன் கம்பெனியில தைக்கிறாங்க, சென்னை மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்டுறாங்க. வார்டுல ஓட்டு மட்டும் இல்ல. ஓட்டு இல்லாத லைன் வீட்டுக்கு எந்தக் கவுன்சிலர் வருவார்? (நம்ம கட்சிக் கவுன்சிலர்களையும் சேர்த்துத்தான் சொல்றேன். அட்மின் திட்டினாலும் பரவாயில்ல.) அங்க தண்ணி தேங்கினா டெங்கு உங்க வீட்டுக்கும் வரும். கொசு ஆதார் கார்டு கேக்காது.

2022ல இருந்து நகரங்கள்ல பகுதி சபைக் கூட்டம் நடக்குது. அடுத்த கூட்டத்துல உங்க தெரு விளக்கோட சேர்த்து அந்த லைன் வீட்டுத் தண்ணிக் குழாயைப் பத்தியும் எழுந்து கேளுங்க. முடிஞ்சா அங்க குடியிருக்கிற ஒருத்தரையும் கூட கூட்டிட்டுப் போங்க.