பிளான் இல்லாத பிளேன்

எங்களில் ஒருவரின் சாச்சா வைத்திருந்த பழைய பெட்டியொன்று எங்கட கைக்கு வந்தது. ரிமோட்டில் பறக்கிற பால்சா மர மாதிரி விமானம். துண்டெல்லாம் இருக்கு, பிளான் தாளைத்தான் காணோம். "ஆட்ஸ் படிக்கிற உங்களுக்கு இது எதுக்கு?" என்று சிரித்தார்கள்.

நாங்கள் துண்டுகளையே வாசித்தோம். விலா எலும்பு மாதிரித் துண்டுகளில் இருந்த வெட்டுகள், செட்டையின் நீளக் கம்பு எங்கே போகும் என்று காட்டின. மோட்டார் பூட்ட முதல் மருதமுனைக் கடற்கரையில் கையால் எறிந்து பார்த்தோம். ரெண்டு தரம் மூக்கைத் தூக்கி விழுந்தது. வால் பாரம்! செட்டை அகலத்தின் முன்பக்கக் கால்வாசியளவில் பாரம் சமநிலையாக வேண்டும். மூக்குக்குள் ஈயம் வைத்தோம். மூன்றாம் தரம் மிதந்தது.

ரைட் சகோதரர்களும் கையிலிருந்த அட்டவணைகள் பொருந்தாதபோது, 1901இல் காற்றுச் சுரங்கம் செய்து ஏறத்தாழ 200 செட்டை வடிவங்களைச் சோதித்தார்கள். 1903இல் பறந்தார்கள்.

எங்கட ஊர்களில் டியூட்டும் பாஸ் பேப்பரும்தான் படிப்பு. விடை முன்னுக்கே கையில் கிடைப்பதால், விடையில்லாத இடத்தில் நிற்க எங்களுக்குப் பயம். பெற்றோரே, வாரத்தில் ஒரு பின்னேரமாவது புள்ளைகளை கிளாஸிலிருந்து விடுங்கள். ஒரு பெட்டியைக் கொடுங்கள். பிளானை ஒளித்து வையுங்கள்.