கைகட்டி நிற்கும் இடத்தில் கண்டுபிடிப்பு உண்டாகுமா?

நம் நாட்டில் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. அதாவது, நம்மவர்கள் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிப்பதில்லை. அயல்நாட்டான் கண்டுபிடித்த யந்திரத்தை விலைக்கு வாங்கி, அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து ஓட்டுகிறோமே தவிர, நாமாக ஒன்றை உண்டாக்க யோக்கியதையற்றவர்களாய் இருக்கிறோம் என்பதாகும். இதற்குக் காரணம் என்னவென்று பெரிய மனிதர்களைக் கேட்டால், சிலர் "பணம் இல்லை" என்கிறார்கள். சிலர் "மூளை இல்லை" என்கிறார்கள். இன்னும் சிலர், "வேலைக்காரர்களுக்குப் பயம் இல்லை, பயம் இருந்தால்தானே வேலை நடக்கும்?" என்கிறார்கள். இவை எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

முதலாவது பணத்தை எடுத்துக்கொள்ளுவோம். 2020-21-ஆம் வருஷத்துக் கணக்குப்படி இந்த நாடு ஆராய்ச்சிக்காகச் செலவழித்தது, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 0.64 பங்குதான். நூறு ரூபாய் வரும்படி உள்ளவன் முக்கால் ரூபாய்கூட அறிவைப் பெருக்கச் செலவழிக்கவில்லை என்று அர்த்தம். இது வெட்கக்கேடு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் பணத்தைக் கொட்டிவிட்டால் மாத்திரம் கண்டுபிடிப்பு வந்து குவிந்துவிடுமா? மூளை உள்ளவனைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் மாத்திரம் போதுமா? பயங்காட்டினால் காரியம் நடந்துவிடுமா? இம்மூன்றையும் ஒரே மனிதரிடத்தில் வைத்துப் பரீட்சை பார்த்தது போன்ற சரித்திரம் ஒன்று அமெரிக்காவில் நடந்திருக்கிறது. அதைச் சொல்லுகிறோம். முடிவை வாசகர்களே செய்துகொள்ளட்டும்.

ஒரே மூளை, இரண்டு இடம்

அமெரிக்க டெலிபோன் கம்பெனி, பெல் ஆராய்ச்சிச் சாலை என்று ஒன்றை நடத்திவந்தது. நியூஜெர்சி மாகாணத்து மர்ரே ஹில் என்ற ஊரில் 1940-களில் அதற்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது, நீளமான நடைகளை வைத்துக் கட்டினார்கள். எதற்காக? பௌதிகம் படித்தவரும், ரசாயனம் படித்தவரும், உலோக வேலை தெரிந்தவரும், கருவி செய்யும் தொழிலாளியும் தினந்தோறும் ஒருவரை ஒருவர் எதிர்ப்பட்டே ஆகவேண்டும் என்பதற்காக. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் மெர்வின் கெல்லி என்பவர். அங்கு இருந்த வழக்கம் என்னவென்றால், ஒருவரும் தமது அறைக் கதவை மூடிக்கொண்டு வேலை செய்யக்கூடாது. சந்தேகம் கேட்டு வருகிறவர் எவ்வளவு சிறிய உத்தியோகத்தில் இருந்தாலும், எந்த இலாகாவைச் சேர்ந்தவராய் இருந்தாலும், அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பதாகும்.

இந்த இடத்தில்தான் 1947 டிசம்பர் 16-ந் தேதி டிரான்சிஸ்டர் என்னும் சிறு கருவி முதன்முதலாக வேலை செய்தது. இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் கைபேசிக்குள் நூற்றுக்கணக்கான கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அதைச் செய்தவர்கள், கணக்கில் வல்லவரான ஜான் பார்டீன், கைவேலையில் வல்லவரான வால்டர் பிராட்டன் ஆகிய இருவர். ஒருவர் ஏட்டையும் மற்றவர் உளியையும் பிடித்துக்கொண்டு தனித்தனியே இருந்திருந்தால் அது நடந்திராது. அந்தக் குழுவுக்குத் தலைவர் வில்லியம் ஷாக்லி. அவரும் சாமானியரல்ல, சில வாரங்களுக்குள்ளாகவே அதைவிடச் சிறந்த வேறொரு மாதிரியை அவர் யோசித்து முடித்தார். மூவருக்கும் 1956-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நிற்க, அந்த ஷாக்லி பெல் சாலையை விட்டு வெளியேறி, கலிபோர்னியாவில் மவுண்டன் வியூ என்ற ஊரில் தம் பேரிலேயே ஒரு ஆராய்ச்சிச் சாலையை 1956-ல் ஆரம்பித்தார். பணமா? ஆர்னால்டு பெக்மன் என்ற பணக்காரர் கொடுத்தார். மூளையா? நாடு முழுவதும் சலித்து, முதல்தரமான வாலிபர்களைத் தேடிக்கொண்டுவந்தார்கள். கீர்த்தியா? சாலை ஆரம்பித்த வருஷத்திலேயே தலைவருக்கு நோபல் பரிசு வந்து சேர்ந்தது. ஒரு காரியம் கைகூட வேறு என்ன வேண்டும்?

ஆனால் நடந்தது என்ன? தாம் சொல்லுவதே வேதம் என்று தலைவர் நினைத்தார். தம் ஊழியர்கள் செய்து காட்டிய முடிவுகளை நம்பாமல், பெல் சாலையிலுள்ள பழைய சிநேகிதர்களுக்கு டெலிபோன் செய்து, "இது சரிதானா?" என்று கேட்டார். ஒரு ஊழியரின் கையில் ஏதோ குத்திக் காயம்பட்டபோது, அது தமக்கு எதிரான சதி என்று எண்ணி, பொய் கண்டுபிடிக்கும் யந்திரத்தில் ஊழியர்களை உட்காரவைத்துச் சோதிக்கக் கிளம்பினார். கடைசியில் பார்த்தால், குத்தியது காகிதம் குத்தும் உடைந்த ஆணி! சிலிக்கான் டிரான்சிஸ்டரைச் செய்வோம் என்று வாலிபர்கள் சொன்னதைத் தள்ளிவிட்டு, தமக்குப் பிடித்த வேறொரு சாமானின் பின்னே அனைவரையும் ஓடச் சொன்னார். வாலிபர்கள் பணம் போட்டவரிடமே போய், நிர்வாகத்திற்கு வேறொருவரை வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அவர் முதலில் தலையசைத்துவிட்டு, முடிவில் பெரிய பேர் உள்ளவர் பக்கமே நின்றுவிட்டார்.

1957 செப்டம்பரில் எட்டுப் பேர் ராஜினாமாச் செய்துவிட்டு வெளியேறினார்கள். ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர், ஜீன் ஹோர்னி முதலானோர் அவர்களில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு "துரோகிகள்" என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் அந்தத் துரோகிகள் பேர்சைல்டு என்ற புதுக் கம்பெனியை ஏற்படுத்திக்கொண்டு, இரண்டே வருஷத்தில், அதாவது 1959-ல், டிரான்சிஸ்டரைத் தட்டையாகச் செய்யும் முறையை ஹோர்னியும், அநேக டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் சேர்க்கும் முறையை நாய்சும் கண்டுபிடித்தார்கள். (டெக்சாஸில் ஜாக் கில்பி என்பவர் இதே எண்ணத்தை வேறு வழியில் 1958-ல் செய்து காட்டியிருந்தார்.) 1968-ல் நாய்சும் மூரும் இன்டெல் கம்பெனியை ஏற்படுத்தினார்கள். அங்கே தலைவருக்கென்று தனி மாளிகை அறை கிடையாது. தனிச் சாப்பாட்டு மேசை கிடையாது. மோட்டார் நிறுத்தத் தனி இடம்கூடக் கிடையாது. ஷாக்லியின் சாலையோ லாபம் என்பதையே காணாமல் 1960-ல் வேறொருவருக்கு விற்கப்பட்டு, பிறகு மூடப்பட்டது.

மூளை அதே மூளைதான், பணத்துக்கும் குறைவில்லை, பயமோ வேண்டிய அளவு இருந்தது. மாறியது எது? வேலை செய்யும் இடத்தின் நடைமுறை ஒன்றுதான் மாறியது. ஒரு இடத்தில் சிறியவன் பெரியவனைக் கேள்வி கேட்கலாம். மற்ற இடத்தில் கேட்டால் குற்றவாளி. பெல் சாலையில்கூட ஷாக்லி பார்டீனை முடக்க முயன்றதால், அவர் 1951-ல் அதை விட்டு இல்லினாய் சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். போனவர் 1972-ல் பௌதிகத்திற்கு இரண்டாவது தடவையும் நோபல் பரிசு வாங்கினார். பௌதிகத்தில் இரண்டு தடவை அப்பரிசு பெற்றவர் அவர் ஒருவரே. அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஷாக்லி பிற்காலத்தில், கறுப்பர்கள் பிறவியிலேயே அறிவில் தாழ்ந்தவர்கள் என்று பிரசாரம் செய்யத் தலைப்பட்டார். பிறவியினால் உயர்வு தாழ்வு பேசுகிற புத்தியும், கீழே உள்ளவன் வாயைத் திறக்கக்கூடாது என்கிற புத்தியும் ஒரே மரத்துக் காய்கள் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

எஞ்சினீயர் சொல் அம்பலம் ஏறவில்லை

கண்டுபிடிப்பு வராமல் போவது மாத்திரமல்ல, உயிரும் போகும் என்பதற்கு வேறொரு உதாரணம் பாருங்கள். 1986 ஜனவரி 28-ந் தேதி சாலஞ்சர் என்ற அமெரிக்க ஆகாயக் கப்பல் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். ராக்கெட்டின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்து, நெருப்பு வெளியே கசிந்ததுதான் காரணம். இது ஒருவருக்கும் தெரியாத ரகசியமா? இல்லவே இல்லை. ராக்கெட் செய்த மார்ட்டன் தியோக்கால் கம்பெனியின் எஞ்சினீயர் ராஜர் பாய்ஜாலி ஆறு மாதத்திற்கு முன்பே, 1985 ஜூலையில், எழுத்து மூலமாக எச்சரித்திருந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, டெலிபோனிலேயே கூடிப் பேசி, "53 டிகிரிக்குக் குறைந்த குளிரில் அனுப்பக் கூடாது" என்று எஞ்சினீயர்கள் தடுத்தார்கள். விண்வெளி இலாகா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. உடனே கம்பெனியின் பெரிய உத்தியோகஸ்தர்கள் நாலு பேர் தங்களுக்குள் பேசினார்கள். அவர்களில் ஒருவரைப் பார்த்து, எஞ்சினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி மேலவர் சொன்னார். அவரும் போட்டுக்கொண்டார்! எஞ்சினீயர்களின் ஓட்டைக் கேட்பாரில்லை. மறுநாள் 36 டிகிரிக் குளிரில் கப்பல் கிளம்பிற்று.

பிறகு நடந்த விசாரணையில் ரிச்சர்டு ஃபெய்ன்மன் என்ற விஞ்ஞானி, அந்த ரப்பரின் ஒரு துண்டை ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, அது விறைத்துப் போவதை எல்லோர் கண்முன்னே காட்டினார். ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீருக்குத் தெரிந்த உண்மை, இவ்வளவு பெரிய இலாகாவுக்குத் தெரியாமல் போனதா? தெரியும். தெரிந்தவன் கீழே இருந்தான். கையெழுத்துப் போடுகிறவன் மேலே இருந்தான். அவ்வளவுதான் சங்கதி. 2003-ல் கொலம்பியா என்ற கப்பலும் ஏழு பேரோடு அழிந்தபோது, விசாரணைக் குழுவார் கழன்று விழுந்த நுரைத் துண்டு எவ்வளவு காரணமோ, அந்த இலாகாவின் நடைமுறையும் அவ்வளவு காரணம் என்று எழுதிவைத்தார்கள்.

"கட்டுப்பாடு வேண்டாமா?"

"ஆளுக்கு ஆள் கேள்வி கேட்டால் வேலை ஓடுமா? கட்டுப்பாடு வேண்டாமா?" என்று முதலாளிமார் கேட்கலாம். வேண்டும்தான். ஆனால் எதற்குக் கட்டுப்படுவது என்பதே கேள்வி. மனிதனுக்குக் கட்டுப்படுவது வேறு, ருசுவுக்குக் கட்டுப்படுவது வேறு. ருசுவுக்குக் கட்டுப்படுவதுதான் கடினமானது. மேனேஜரை முகஸ்துதியால் ஏமாற்றலாம். வெப்பமானியை ஏமாற்ற முடியுமா? 1660-ல் லண்டனில் ஏற்பட்ட ராயல் சொசைட்டி, எவருடைய வாய்ச்சொல்லையும் அப்படியே ஏற்காதே என்ற கருத்தையே தன் கொள்கை வாசகமாக வைத்துக்கொண்டது.

பயத்தினால் கல் உடைக்கச் செய்யலாம். வண்டி இழுக்கச் செய்யலாம். ஆராய்ச்சி செய்யச் சொல்ல முடியாது. ஏனென்றால் ஆராய்ச்சி என்பதில் பத்துக்கு ஒன்பது தவறித்தான் போகும். தவறினால் தண்டனை என்ற இடத்தில் ஒருவனும் புதிதாகச் செய்து பார்க்கமாட்டான். செய்து பார்த்துத் தவறினாலும் மறைத்துவிடுவான். ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த எமி எட்மண்ட்ஸன் என்ற அம்மையார் 1990-களில் ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தபோது, நல்ல ஒற்றுமையும் நல்ல தலைவியும் உள்ள வார்டுகளில் மருந்து கொடுப்பதில் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருக்கக் கண்டு திகைத்தார். விசாரித்ததில், அங்கே தவறு அதிகமில்லை, தவறை வெளியே சொல்லும் தைரியமே அதிகம் என்று தெரிந்தது. மற்ற வார்டுகளில் தவறு மறைக்கப்பட்டது. புஸ்தகம் சுத்தமாயிருந்தது, நோயாளியின் கதிதான் ஆபத்தாயிருந்தது!

நம் கதி

நம் கதி என்ன? "பெரியவர்கள் சொன்னால் பெருமாள் சொன்ன மாதிரி" என்பது நம் பழமொழி. பெருமாளை யார் பரீட்சை பார்ப்பது? வீட்டில் அப்பனை எதிர்த்துப் பேசக்கூடாது. பள்ளியில் வாத்தியாரைக் கேட்கக்கூடாது. கோயிலில் பூசாரியைக் கேட்கக்கூடாது. இருபத்தைந்து வருஷம் இப்படி வளர்ந்தவன் ஆராய்ச்சிச் சாலைக்குள் நுழைந்த அன்று மாத்திரம் திடீரென்று கேள்வி கேட்பானா? "ஐயா சொன்னால் சரி" என்று கைகட்டித்தான் நிற்பான். ஐயாவுக்கும் அதுவே இனிக்கிறது.

இது நாம் மாத்திரம் சொல்லும் குறையல்ல. வங்காளத்து ரசாயன விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் 1902-ல் வெளியிட்ட இந்து ரசாயன சரித்திரத்தின் முதல் பாகத்திலேயே இதை எழுதியிருக்கிறார். கைத்தொழில்களைத் தாழ்ந்த ஜாதிக்கென்று தள்ளிவிட்டதனால், படித்தவனுக்கு ஏன், எப்படி என்று செய்து பார்க்கும் புத்தி போயிற்று. பிணத்தைத் தொட்டால் தீட்டு என்றதனால் ரண சிகிச்சை அழிந்தது என்பது அவர் வாதம். உலோகத்தை உருக்குகிறவனுக்கு ஏடு இல்லை. ஏடு உள்ளவனுக்கு உலை இல்லை. பார்டீனையும் பிராட்டனையும் ஒரே அறையில் உட்காரவிடாத ஏற்பாட்டுக்குப் பேர்தான் வர்ணாசிரமம். இன்றும் நம் தொழிற்சாலைகளில் யந்திரத்தை ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த பழுது, திட்டம் வரைகிறவன் காதுக்கு எட்டுவதில்லை. எட்டவிடாமல் இடையே நிற்பது உத்தியோக ஜாதி.

ஆகவே, புதுமை வேண்டும் என்று மெய்யாகவே விரும்புகிற எந்த ஸ்தாபனத்தாரும் சில காரியங்களைக் காசு செலவில்லாமல் நாளைக்கே செய்யலாம். ஆலோசனைக் கூட்டத்தில் வயதிலும் உத்தியோகத்திலும் சிறியவர் முதலில் பேசட்டும். தலைவர் கடைசியில் பேசட்டும். மாறுபட்ட அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்கிப் பத்திரமாய் வைக்கட்டும். செய்தவன் எவனோ அவன் பேரே கண்டுபிடிப்பில் இருக்கட்டும். தவறிப்போன பரீட்சையையும் குறித்து வைக்கட்டும். யந்திரத்தைத் தொடுகிறவனும் கணக்குப் போடுகிறவனும் ஒரே மேசையில் உட்காரட்டும். இவற்றைச் செய்ய மனமில்லாதவர்கள் எத்தனை கோடியில் கட்டடம் எழுப்பினாலும், அது ஆராய்ச்சிச் சாலையாகாது. கைகட்டி நிற்க ஒரு மண்டபம் ஆகும்.

வாலிபத் தோழர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. மேலவரிடம் மரியாதையாக இருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் கண் கண்டதை, உங்கள் கை அளந்ததை, எவருடைய முகத்துக்காகவும் மாற்றிச் சொல்லாதீர்கள். பாய்ஜாலிக்கும் அவரது தோழர்களுக்கும் அன்றிரவு மதிப்புக் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ரப்பர் வளையம் அவர்கள் சொன்னபடிதான் நடந்துகொண்டது; மேலதிகாரி சொன்னபடி நடக்கவில்லை.