ராஜபாளையம், சிப்பிப்பாறைக்கு போலீஸ் வேலை சரிப்படுமா? முதோல் 'ரியா'வின் வெற்றி சொல்வதும் சொல்லாததும்

கொலை, கொள்ளைச் செய்திகளில் கடைசிப் பத்தி மட்டும் பெரும்பாலும் மாறாது. மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது, சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை. படித்துப் படித்து நமக்கே மனப்பாடம் ஆகிவிட்ட வரிகள் இவை.

அப்படி வந்து நிற்கும் நாய் இத்தனை வருடமும் ஜெர்மன் ஷெப்பர்டாகவோ லாப்ரடாராகவோ டாபர்மேனாகவோதான் இருந்தது. சமீபத்தில் பெல்ஜியன் மாலினோயிஸ் சேர்ந்துகொண்டது. நாட்டு நாய் அந்த வரிசையில் கிடையாது.

2024-ல் லக்னோவில் நடந்த அகில இந்திய போலீஸ் பணித்திறன் போட்டியில் அது மாறியது. எல்லைப் பாதுகாப்புப் படையின் 'ரியா' என்ற முதோல் ஹவுண்ட், தடம் பிடிக்கும் பிரிவில் முதலிடம் பிடித்தது. அந்தப் போட்டியின் சிறந்த நாய் என்ற பட்டமும் அதற்கே. போட்டியில் இருந்த 116 வெளிநாட்டு இன நாய்களைப் பின்னுக்குத் தள்ளி, ஓர் இந்திய இனம் இந்தப் பட்டங்களை வென்றது இதுவே முதல்முறை. 2025 அக்டோபரில் பிரதமர் மோடி 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் ரியாவைக் குறிப்பிட்டுப் பேச, அதே மாத இறுதியில் குஜராத்தின் ஏக்தா நகரில் நடந்த அணிவகுப்பில் முதோல், ராம்பூர் ஹவுண்ட் நாய்கள் நடைபோட்டன.

பெருமைதான். ஆனால் நாய் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு சின்ன ஆச்சரியம் இருக்கிறது. ஏனென்றால் முதோல் என்பது மோப்பத்துக்குப் பேர் போன நாயே இல்லை.

கண்ணால் துரத்தும் நாய்

வேட்டை நாய்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மூக்கைத் தரையில் வைத்து வாசனை பிடித்தே போவது. பிளட்ஹவுண்ட், பீகிள் எல்லாம் இந்த ரகம். இன்னொன்று, இரையைக் கண்ணால் பார்த்த நொடியில் பாய்ந்து ஓடிப் பிடிப்பது. இவற்றுக்கு 'சைட்ஹவுண்ட்' என்று பெயர். ஒட்டிய வயிறு, ஆழமான மார்பு, நீண்ட முகம், குச்சிக் கால்கள். முதோல், ராம்பூர், நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இந்த உடம்புதான். ராஜபாளையம் எலும்பு கனத்தது, காவலுக்கும் நின்றது, ஆனாலும் பொதுவாக இதே வகையில்தான் சேர்க்கிறார்கள். கோம்பை மட்டும் ஆள் வேறு. அது காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டிய நாய்.

தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயல் கிளம்பினால், வாசனை பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது? கண், கால், நுரையீரல் மூன்றையும் பார்த்துத்தான் தலைமுறை தலைமுறையாகக் குட்டி எடுத்தார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு அந்த நாய்களின் பழைய வேலையே சட்டவிரோதமாகிவிட்டது.

அந்த நாயை இப்போது 'குனிந்து, நிதானமாக, மண்ணை மோந்துகொண்டே போ' என்கிறோம்.

மூக்கில் குறையா, மனசில் குறையா?

இதற்கு விடை தேட ஒரு அமெரிக்க ஆய்வு உதவும். நதானியேல் ஹாலும் அவருடைய குழுவினரும் செய்து 2015-ல் வெளியான ஆய்வு இது. ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேஹவுண்ட், பக் என்ற மூன்று இனங்களுக்கும் ஒரே வாசனைப் பரீட்சை வைத்தார்கள். பக் என்றால், ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஓடுமே, அதே சப்பை மூக்கு நாய்தான்.

ஜெயித்தது பக். வாசனையைப் பிரித்தறியக் கற்றுக்கொள்வதிலும் சரி, வாசனையின் அடர்த்தியைக் குறைத்தபோது தாக்குப்பிடித்ததிலும் சரி, அது ஜெர்மன் ஷெப்பர்டை முந்தியது.

நமக்கு முக்கியமானது மூன்றாவது நாய். கிரேஹவுண்டும் ஒரு சைட்ஹவுண்ட், நம் முதோல், சிப்பிப்பாறையின் உடல்வாகு. பத்து கிரேஹவுண்டுகளில் ஒன்பது பயிற்சிக் கட்டத்தையே முடிக்கவில்லை. வாசனை தெரியாமல் தோற்கவில்லை. விளையாட்டில் ஆர்வமே காட்டாததால் விலக்கப்பட்டன. 'இதுல எனக்கு என்ன இருக்கு?' என்று நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

அதற்காக மூக்கு எல்லா நாய்க்கும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. மூடிய பாத்திரங்களுக்கு அடியில் இறைச்சியை ஒளித்துவைத்து, முன்பயிற்சி இல்லாமல் தேடவிட்ட ஹங்கேரி ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. அதில் மோப்ப இனங்கள்தான் மற்ற இனங்களைவிட நன்றாகச் செய்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பயிற்சி என்று வந்துவிட்ட பிறகு நாய்க்கு அந்த வேலை பிடித்திருக்கிறதா என்பது மூக்குக்குச் சமமாக, சில நேரம் அதைவிட அதிகமாகக் கணக்கில் வருகிறது.

ஜெர்மன் ஷெப்பர்டின் பலமும் இங்கேதான். 1899-ல் ஜெர்மனியில் அந்த இனத்துக்கென்று சங்கம் தொடங்கிய நாளிலிருந்து, மனிதன் சொன்னதைச் செய்யும் நாயைப் பார்த்துப் பார்த்துக் குட்டி எடுத்தார்கள். ஒரு பந்துக்காக நாள் முழுக்க உழைக்கும். சிப்பிப்பாறையிடம் பந்தை வீசினால், இரண்டு முறை எடுத்து வரும். மூன்றாவது முறை, 'நீயே போய் எடுத்துக்கோ' என்பதுபோல் நம்மையே பார்க்கும். முட்டாள்தனம் இல்லை அது. ஆள் சொல்லக் காத்திராமல் தானே முடிவெடுத்து ஓடும் நாய்தான் முயலைப் பிடிக்கும். கீழ்ப்படிதல் பயிற்சியில் அந்தக் குணமே பிரச்னையாகிறது.

அப்படியானால் ரியா எப்படி?

தடம் பிடிக்கும் பயிற்சி பார்க்க எளிமையாக இருக்கும். ஒருவர் புல்தரையில் சில மீட்டர் நேராக நடந்து, காலடிகளில் சின்னச் சின்ன இறைச்சித் துண்டு போட்டு வைப்பார். நாய் குனிந்து ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போகும். மிதிபட்ட புல்லின் வாசமும் மனிதத் தோலின் வாசமும் அதற்குச் சாப்பாட்டோடு சேர்ந்து பதியும். பிறகு தூரத்தைக் கூட்டுவார்கள், திருப்பம் வைப்பார்கள், நடந்து சில மணி நேரம் ஆன தடத்தைக் கொடுப்பார்கள், இறைச்சியைக் குறைப்பார்கள்.

சைட்ஹவுண்டுக்கு இதில் சிக்கல், அது தலையைத் தூக்கிவிடுவது. தூரத்தில் ஒரு அசைவு தெரிந்தால் போதும், தடம் மறந்துபோகும். எனவே கண்ணுக்கு வேலையில்லாத இடத்தில், உயரமான புல்லிலோ மங்கிய வெளிச்சத்திலோ தொடங்குவது ஒரு வழி. பரிசை மாற்றுவது இன்னொரு வழி. பந்து வேண்டாம் என்கிற நாய்க்குத் தடத்தின் முடிவில் கயிற்றில் கட்டி இழுக்கும் துணி, அதாவது துரத்த ஒரு பொருள். அதன் ரத்தத்தில் உள்ளதையே கூலியாகக் கொடுப்பது.

முதோல் தொட்டால் கூசும் நாய், அந்நியர் கை பட்டால் ஒதுங்கும். கத்தினால் அன்றைய பாடம் முடிந்தது. ஷெப்பர்டுக்குப் பழகிய பயிற்சியாளர் அதே அதட்டலோடு இதனிடம் வந்தால் வேலைக்கு ஆகாது. கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டம் திம்மாப்பூரில் உள்ள ஆராய்ச்சி மையத்திலிருந்து ராணுவமும் விமானப்படையும் முதோல் குட்டிகளை வாங்கிச் சென்றிருக்கின்றன. 2021-ல் விமானப்படை வாங்கியது ஓடுபாதையில் பறவைகளை விரட்ட. அந்த வேலைக்கு முதோலைவிடப் பொருத்தமான நாய் கிடைப்பது கஷ்டம். துரத்துவதுதானே அதற்குத் தெரிந்ததே!

இனமே முக்கியமில்லை என்று காட்டிய நாய்களும் உண்டு. மேற்கு வங்க போலீஸ், பாரக்பூரில் 'ஆஷா' என்ற தெருநாயை எடுத்து வளர்த்து மோப்ப நாயாக்கியது. உத்தராகண்ட் போலீஸும் ஒரு தெருநாய்க்குப் பயிற்சி கொடுத்து வெற்றி கண்டது.

எங்கே கவனம் வேண்டும்?

வெயில் தாங்கும், குட்டை முடி, பராமரிப்புச் செலவு குறைவு என்று நாட்டு நாய்க்குச் சாதகங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. சத்தீஸ்கரில் மத்திய ரிசர்வ் படையின் நாட்டு நாய் ஒன்று 8 கிலோ வெடிபொருளைக் கண்டுபிடித்ததையும் பிரதமர் அதே உரையில் சொன்னார். ஆனால் கண்ணிவெடித் தேடலில் 'வெளிநாட்டு நாய் வேண்டாம்' என்ற கொள்கைக்கு இடமில்லை. பாதி வழியில் ஆர்வம் போய், நாய் சும்மா நகர்ந்துவிட்டால், அடுத்து அங்கே கால் வைக்கப்போவது அதன் கயிற்றைப் பிடித்திருக்கும் மனிதர்.

இன்னொன்று, ரியா ஒரு நாய். ஒரு நாயின் வெற்றி, அந்த இனத்துக்கான சான்றிதழ் ஆகாது. அதற்கு, வேலையில் தேறிய நாய்களை மட்டும் இணைசேர்த்து, தேறாதவற்றை ஒதுக்கி, பல தலைமுறை பதிவேடு வைத்திருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை இனப்பெருக்கத்தையும் பயிற்சியையும் சேர்த்தே செய்கிறது. 150-க்கும் மேற்பட்ட இந்திய இன நாய்கள் பணியில் இருப்பதாக அரசு சொல்கிறது.

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் கடினம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய விலங்கு மரபணு வள அமைப்பில் பதிவான இனங்கள்தான். ஆனால் குட்டி எடுப்பது பெரும்பாலும் தனியார் கையில், அதுவும் நிறத்துக்காக. பால்வெள்ளை ராஜபாளையத்துக்குத்தான் விலை. நாய்களில் அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிட்டுத்தன்மை ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்த விஷயம். நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்தால் ஆபத்து இன்னும் கூடும். கூப்பிட்டால் திரும்பாத குட்டியை 'திமிர் பிடிச்சது' என்று திட்டுவதற்கு முன்னால், அதற்குக் காது கேட்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.