முன்வரிசை யாருக்குப் படியளக்கிறது?

உள்நாட்டு விமானத்தில் பிசினஸ் கிளாஸ் எடுப்பவர்தான் பின்னால் இருப்பவரின் டிக்கெட்டை மலிவாக்குகிறார் என்ற வாதத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டு விமானத் துறையின் வரலாறே அதற்கு எதிராக நிற்கிறது.

சாமானியர்களை முதன்முதலாக விமானத்தில் ஏற்றியது யார்? 2003இல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான். அதில் முன்வரிசைச் சலுகையே கிடையாது. 2006இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோவும் 2024 நவம்பர் வரை உள்நாட்டுத் தடங்களில் எல்லாருக்கும் ஒரே வகுப்புதான் வைத்திருந்தது. அப்படியேதான் நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமாகவும் வளர்ந்தது. முன்வரிசையைக் கொண்டாடிய கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் ஏர்வேஸ் 2019இலும் நின்றுபோயின. கடன், எரிபொருள் விலை என்று அவற்றின் வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்தச் சொகுசு இருக்கைகள் அவற்றைக் காப்பாற்றவில்லை.

இடக்கணக்கையும் பாருங்கள். ஏ320 விமானத்தில் இண்டிகோ 180 பேருக்குக் குறையாமல் ஏற்றுகிறது. முன்னால் எட்டு அகலமான இருக்கைகளைப் போட்டால் அந்த இடத்தில் ஏறக்குறைய பதினெட்டுப் பேர் உட்காரலாம். மிச்சப் பேருக்கான இடம் எங்கே போனது? எரிபொருளும் விமானிச் சம்பளமும் குறைந்த தலைகள் மீதுதானே விழும்? அதை ஈடுகட்டத்தான் முன்வரிசைக்கு அதிக விலை. அந்தப் பணத்தைத் தானமென்று சொல்வது தவறு.

முழங்கால் வலியோடு சென்னையிலிருந்து டெல்லி போகும் முதியவர் அகலமான இருக்கையை வாங்கட்டும். அந்தச் செலவை நான் குறை சொல்லமாட்டேன். பின்வரிசைக்காரர் அவருக்கு நன்றிக்கடன்பட்டவர் என்று மட்டும் எழுதாதீர்கள்.