தோட்டம் கிராமமாவது எப்போது?

டிக்கோயாவைச் சூழவுள்ள தோட்டங்களில் வசிப்போர் அனைவரையும் ‘தோட்டத் தொழிலாளர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. காலை வேளையில் அந்த லயங்களிலிருந்து வீதிக்கு இறங்கி வருவோரைக் கவனித்தால் இச்சொல் எவ்வளவு பொருத்தமற்றதாகிவிட்டது என்பது விளங்கும். கொழுந்து பறிக்க மலைக்குச் செல்வோர் அவர்களில் ஒரு பகுதியினரே. ஹட்டன் கடைகளில் வேலை செய்வோர், முச்சக்கரவண்டி ஓட்டுவோர், மேசன்மார், ஆசிரியர்கள், மாணவர்கள் எனப் பலரும் அங்கிருந்தே புறப்படுகின்றனர். கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைப்போரின் குடும்பங்களும் அங்கேயே வாழ்கின்றன. ஒரு நகரின் புறத்தே அமைந்த சிறு கிராமத்திற்குரிய வாழ்க்கையே அங்கு நடைபெறுகின்றது. அதைக் கிராமமாகக் கொள்ளச் சட்டமும் நிர்வாகமும்தான் தயங்குகின்றன.

கிராமத்தின் இலக்கணங்களில் எதுவும் அங்கு குறைவில்லை. கோயிலும் திருவிழாவும் உண்டு. மாசியில் காமன் கூத்து உண்டு. பீலியடியில் ஊர்க்கதை உண்டு. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் முழு லயமும் அதைத் தன் துக்கமாகக் கொள்கின்றது. அந்த நெருக்கத்தின் மறுபக்கமும் உண்டு. 10 அடிக்கு 12 அடி காம்பராவில் மூன்று தலைமுறைகள் வாழும்போது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மூலை கிடைப்பதில்லை. இஸ்தோப்பை அடைத்து ஓர் அறையாக்குவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். செக்ரோலில் பெயரில்லாத இளைஞன் தான் பிறந்த காம்பராவிலேயே உரிமையற்றவனாகின்றான். அவன் தோட்டத்தில் வேலை செய்யாதது அவன் குற்றமா? (துரைமார் வசித்த பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாக மாறிவிட்டதையும் இங்கு நினைவுகூரலாம். பங்களாவுக்குக் கிடைத்த மாற்றம் லயத்துக்கு வாய்க்கவில்லை.)

முகவரி விடயத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டிலக்கமோ வீதிப் பெயரோ இல்லாத நிலையில் கடிதங்கள் தோட்ட அலுவலகத்திற்கே செல்கின்றன. அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்து சேர்வதற்குள் நேர்முகப் பரீட்சைக்கான நாள் கடந்துவிடுவதுண்டு. கிராம உத்தியோகத்தர் ஒருவரின் பிரிவுக்குள் வாழும் இம்மக்களுக்குக் கிராமம் மட்டும் இல்லை என்பது விசித்திரமே.

இந்நிலைக்குச் சட்டமும் துணைநின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாயிருந்தது. வாக்களித்த மக்களுக்கே சேவையாற்ற முடியாத சபைகளாக அவை முப்பது ஆண்டுகள் இயங்கின. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகார சபையும் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் உருவாகின. இவை வரவேற்கத்தக்க மாற்றங்களே. எனினும் காணிப் பிரச்சினை அப்படியே உள்ளது. 1972இலும் 1975இலும் அரசுடைமையான தோட்டங்கள், 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் உள்ளன. அவற்றின் குத்தகை 2045 வரை நீடிக்கின்றது. மக்கள் குடியிருக்கும் லயமும் அக்குத்தகைக் காணியிலேயே அடங்குகின்றது.

2017 மே மாதம் டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடத்தைத் திறந்துவைத்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, ஏற்கனவே நிர்மாணிக்கப்பட்டுவந்த 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை நோர்வூட்டில் அறிவித்தார். 7 பேர்ச் காணியில் தனி வீடு என்பது லயத்தோடு ஒப்பிடுகையில் பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உறுதிப்பத்திரம் கையில் கிடைக்காதவரை அவ்வீட்டை ஈடாக வைத்து வங்கியில் கடன் பெறவும் இயலாது. வீடுகளை வரிசையாகக் கட்டிவிட்டு மயானத்துக்கும் மைதானத்துக்கும் மீண்டும் தோட்ட நிர்வாகத்தின் தயவை நாட வைப்பது கிராமம் அமைப்பதாகாது.

தேயிலைக் காணி குறைந்தால் உற்பத்தி வீழ்ச்சியடையும் எனக் கம்பனிகள் வாதிடக்கூடும். பயிரிடப்படாது பற்றைக்காடாகக் கிடக்கும் காணிகளைக் கண்டவர்கள் இவ்வாதத்தை முழுமையாக ஏற்கமாட்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டில் ஏற்படுத்திய மண்சரிவுகளின் பின்னர், பாதுகாப்பான காணி என்பது உயிர்வாழ்வுக்கான கேள்வியாகவும் மாறியுள்ளது. 2023 ஒக்டோபரில் ஹட்டன் பிரகடனத்தின் மூலம் மலையக மக்களின் காணி, வீட்டுரிமை பற்றி வாக்குறுதி அளித்த தேசிய மக்கள் சக்தியே 2024 முதல் ஆட்சியில் உள்ளது. அப்பிரகடனத்தை அது வெளியிட்ட நகரம் டிக்கோயாவுக்கு மிக அண்மையிலேயே உள்ளது.

குடியிருப்புப் பகுதிகளை அளந்து குத்தகையிலிருந்து பிரித்தெடுப்பதே அரசாங்கம் முதலில் செய்யவேண்டியதாகும் என நாம் கருதுகின்றோம். செக்ரோலில் பெயர் உண்டா இல்லையா என்று பாராது, அங்கு வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் உறுதி வழங்கப்பட வேண்டும். வீட்டிலக்கமும் வீதிப் பெயரும் அதற்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. பிரதேச சபையும் தபால் திணைக்களமும் மனம் வைத்தால் இவ்வாண்டிலேயே அவற்றை வழங்கிவிடலாம்.